மகள் வாங்கிய ஸ்ட்ராஃப

டிசம்பர் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, விடிய ஐந்தரை மணிக்கு, மெல்பேர்ணுக்குப் பக்கத்து வெரிபீயில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். என் மனைவி. அடுத்த வீட்டுக் கோயம்புத்தூர்த் தம்பி. அவருடைய மனைவி, கையில் தங்கள் வீட்டுக் காப்பிப் பாத்திரத்தோடு. ஜேர்மனியில் இருக்கும் என் அக்காவையும் சேர்த்தால் ஐந்து. அவர் அங்கே விளையாட்டு அரங்கின் படியில் இருந்துகொண்டு தொலைபேசி வழியாக எங்களோடு இருந்தார். என் மகளை எண்ணவில்லை. அவளை ரிவியில் பார்க்கத்தான் எல்லோரும் எழும்பியிருந்தோம். ஆனால் அவள் விளையாட விடாதவர்கள் இருக்கும் வாங்கில் இருந்தாள். கமெரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மகளுக்கு இருபது வயது. ஜேர்மனியில் பெண்களுக்கான முதல்தர ஐஸ் ஹொக்கி லீக்கில் விளையாடப் போயிருந்தாள். அவளுடையது பின்வரிசை இடம். எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளை எங்கள் கோலுக்குக் கிட்ட வரவிடாமல் மறிப்பதுதான் வேலை. சீசன் செப்டெம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஆனால் கழகம் அவளை முழுச் சீசனுக்கும் எடுக்கவில்லை. கிறிஸ்மஸ் வரைக்கும் பார்ப்போம், அதற்குப் பிறகு வைத்திருப்பதா அனுப்புவதா என்று சொல்வோம் என்பதுதான் பேச்சு. தாதிப் படிப்பை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு, 'ஒரே ஒரு சீசன் அப்பா, பிறகு கேட்க மாட்டன்' என்று சொல்லிப் போனவள். கிறிஸ்மஸுக்கு இரண்டு கிழமைகூட இல்லை. அவளை வாங்கில் இருத்தி மூன்று கிழமையாகியிருந்தது.

அதற்குக் காரணம் நான்தான். அன்று ஐந்தரை மணிக்கு அது எனக்குத் தெரியாது.

எங்கள் ஆட்களில் ஐஸ் ஹொக்கி விளையாடும் பிள்ளை எப்படி வந்தது என்று கேட்காதவர் இல்லை. கோயிலில் கேட்பார்கள், பெண் பிள்ளைகளின் சாமத்தியவீட்டில் கேட்பார்கள். பதில் சின்னது. நான் மெல்பேர்ணில் ஓர் ஐஸ் அரங்கில் துப்புரவு வேலை செய்தேன். மனைவிக்குப் பின்னேர வேலை. பிள்ளையைப் பார்க்க வேறு ஆளில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அவளை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய் உடுப்பு மாற்றும் அறைக்குப் பக்கத்தில் இருத்துவேன். ஒருநாள் அங்கே மனேஜராக இருந்த பெண் அவளுக்குப் பழைய சறுக்குச் சப்பாத்து ஒரு சோடி கொடுத்தாள். அதற்குப் பிறகு பிள்ளை இருந்த இடத்தில் இருக்கவில்லை.

அவள் விளையாடியதை நான் ஒருநாளும் உள்ளே நின்று பார்த்ததில்லை. என் மனம் தாங்காது. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் காரைத் திருப்புகிற ஆள் நான். அரங்கின் பின்பக்கத்தில் ஐஸைச் சீவும் மெசின் கொண்டுவந்து கொட்டும் பனிக்குவியல் ஒன்று இருக்கும். வெளியில் நாற்பது பாகை வெயில் எரியும், அந்தக் குவியல் மட்டும் வெள்ளையாகக் கரைந்துகொண்டிருக்கும். பிள்ளையின் மட்ச் முடியும்வரை அதன் பக்கத்தில் நிற்பேன். உள்ளே கண்ணாடியில் ஆள் மோதுகிற சத்தம் கேட்டால் அது அவளா வேறு யாருமா என்று எண்ணிக்கொண்டு நிற்பேன். முடிந்ததும் தலைமயிர் நனைய வெளியே வருவாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

அவள் ஜேர்மனிக்குப் போனபிறகு பனிக்குவியல் இல்லை. அக்காதான் இருந்தார்.

அக்கா அங்கே போய் முப்பது வருடத்துக்கு மேல். மகள் விளையாடும் நகரத்துக்கு அவர் வீட்டிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம். மகள் அரங்குக்குப் பக்கத்தில் வேறு இரண்டு விளையாட்டுக்காரப் பிள்ளைகளோடு ஒரு வீட்டில் இருந்தாள். அங்கே பெண்களுக்குச் சம்பளம் இல்லை. கழகம் ஓர் அறையும் விளையாட்டுச் சாமானும் கொடுக்கும். மிச்சச் செலவுக்கு அவள் காலையில் ஒரு பேக்கரியில் நின்றாள். அக்கா சனிக்கிழமைகளில் கம்பளிப் போர்வையும் ரோல்ஸும் மிதிவெடியும் கட்டிக்கொண்டு மட்ச் பார்க்கப் போவார். முட்டையும் இறைச்சியும் வைத்துப் பொரிக்கிற அந்த மிதிவெடியை ஜேர்மன் பிள்ளைகளுக்கும் கொடுத்து, பெயர் கேட்டவர்களுக்குக் கண்ணிவெடி என்று ஜேர்மனில் மொழிபெயர்த்தும் சொல்லிவிட்டார். 'ஒருத்தி கையிலை வச்சிருந்ததைத் திரும்பத் தட்டிலை வச்சிட்டாளடா தம்பி. பிறகு நான் கடிச்சுக் காட்டினாப் பிறகுதான் எடுத்தவள்.'

மட்ச் முடிந்து வீட்டுக்குப் போகும் ரயிலிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுப்பார். யார் வென்றது என்பதை அவர் ஒருநாளும் முதலில் சொன்னதில்லை. பிள்ளை மெலிந்துவிட்டாள் என்று சொல்லுவார், தொப்பி போடுகிறாள் இல்லை என்று சொல்லுவார். ஒக்டோபர் தொடக்கத்தில் ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

'தம்பி, பிள்ளைக்கு இண்டைக்கும் ஸ்ட்ராஃப விழுந்திட்டுது.'

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. அக்கா ஜேர்மனிக்குப் போன காலத்திலிருந்து அதைக் கேட்டிருக்கிறேன். ரிக்கற் இல்லாமல் ரயிலில் ஏறி அத்தான் பிடிபட்டபோது ஸ்ட்ராஃப. காரை வேகமாக ஓட்டிக் கமெராவில் விழுந்தபோது ஸ்ட்ராஃப. பிழையான இடத்தில் குப்பை போட்டதற்கு மேல்மாடிக்காரி காட்டிக்கொடுத்து ஸ்ட்ராஃப. ஜேர்மனியில் இருக்கும் எங்கள் ஆட்கள் தமிழுக்குள் அந்தச் சொல்லைப் போட்டால் அதற்கு ஒரே பொருள்தான்: தண்டக் காசு.

'ஏன், என்ன செய்தவள்?'

'ஓடி வந்த பிள்ளையின்ரை காலுக்குள்ளை தடியை விட்டிட்டாள். அந்தக் கறுப்பு வெள்ளைச் சட்டைக்காரன் உடனை கையை உயத்திப்போட்டான்.'

நான் ஐஸ் அரங்கில் ஏழு வருடம் வேலை செய்தவன். பெனல்ட்டி தெரியும். பெனல்ட்டிப் பெட்டிக்குள் ஒட்டிக்கிடக்கும் சூயிங்கத்தைச் சுரண்டி எடுத்த கை இது. ஆனால் பெனல்ட்டி வேறு, ஸ்ட்ராஃப வேறு என்றுதான் என் தலை எடுத்துக்கொண்டது. அது முதல்தர லீக். இங்கே பெட்டிக்குள் இருத்தி விடுகிறார்கள், அங்கே காசும் அறவிடுகிறார்கள். ஜேர்மன்காரர் எதற்கும் தண்டம் போடுகிறவர்கள்தானே. இதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எவ்வளவு என்று நேராகக் கேட்கவில்லை. கேட்டால் அக்கா, 'அதை விடு, நான் பாத்துக்கொள்ளுறன்' என்பார். தன் பணத்தில் கட்டிவிட்டு வாயே திறக்க மாட்டார். அப்படிப்பட்ட ஆள். மகளிடமும் கேட்கவில்லை. விரல் எலும்பு வெடித்ததையே மூன்று கிழமை எங்களுக்கு மறைத்தவள் அவள். அப்பா யோசிப்பார் என்று எதையும் ஒளிப்பாள். அதனால் இதையும் ஒளிக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

ஒக்டோபர் கடைசியில் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன். 'இதுவரைக்கும் எத்தினை அக்கா?'

'எல்லாமாப் பத்து வந்திட்டுது தம்பி.'

பத்துத் தண்டம். ரயிலில் ரிக்கற் இல்லாமல் போனால் அறுபது யூரோ என்று அத்தானின் கதையில் கேட்டிருந்தேன். அதைவிடக் குறைவாக இருக்காது. பத்து அறுபது அறுநூறு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆனாலும் இந்தக் கணக்கை ரயில்வே கேற்றில் காரை நிறுத்திவைத்துக்கொண்டு பத்துத் தரம் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அறுநூறுதான் வந்தது.

தமிழ்ச் சங்கத்து அன்ரி ஒருவரிடம் நாங்கள் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். பத்துப் பேர், மாதம் முன்னூறு டொலர், ஓகஸ்டிலிருந்து மே வரைக்கும். பிள்ளை திரும்பி வந்து படிப்பைத் தொடங்கும்போது கைக்கு உதவும் என்று கடைசிச் சீட்டை எடுப்பதாக மனைவியோடு பேசி வைத்திருந்தேன். மனைவிக்குச் சொல்லாமல் மூன்றாவது சீட்டிலேயே எடுத்தேன். முந்தி எடுத்ததற்குக் கழிவு ஐந்நூறு போய், இரண்டாயிரத்து ஐந்நூறு கையில் வந்தது. அதில் அறுநூறு யூரோவை அக்காவுக்கு அனுப்பினேன். 'பிள்ளையின்ரை செலவுக்கு' என்று மட்டும் எழுதினேன். தண்டத்துக்கு என்று எழுத வெட்கமாக இருந்தது.

'ஏன்டா தம்பி இவ்வளவு?' என்றார் அக்கா.

'வைச்சிருங்கோ அக்கா. உங்களுக்குத் தெரியும்தானே.'

'ஓம் ஓம், தெரியும்' என்றார்.

நவம்பர் நடுவில் அது இருபத்திரண்டாகியிருந்தது. மேலும் எழுநூற்று இருபது அனுப்பினேன். ஆனால் காசை விட எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று. நான் படகில் வந்தவன். ஒரு கடிதத்துக்காகவும் ஒரு கையெழுத்துக்காகவும் பல வருடம் காத்திருந்தவன். இப்போது நாங்கள் மூன்று பேரும் இந்த நாட்டுக் குடிகள்தான். இருந்தாலும் தண்டம் என்று ஒன்று விழுந்தால் அது எங்கேயோ ஒரு கோப்பில் ஏறுகிறது என்றுதான் என் மனம் நினைக்கும். இருபத்திரண்டு தண்டம் ஏறிய பிள்ளையைக் கிறிஸ்மஸுக்குப் பிறகு யார் வைத்திருப்பார்கள்? அவளுடைய விசாவில் யாராவது கை வைத்தால்?

அன்றைக்கு வேலை இடைவேளையில், இப்போது நான் வேலை செய்யும் கிடங்கின் பின்பக்கத்தில் நின்றுகொண்டு அவளுக்குக் குரலில் ஒரு செய்தி அனுப்பினேன். 'பிள்ளை, இனி ஒருத்தரோடையும் முட்டாதை. ஆரும் ஓடி வந்தா விலத்தி விடு. அப்பாக்காக.'

கொஞ்ச நேரத்தால் பதில் வந்தது. 'ஓகே அப்பா.'

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அடுத்த சனி அக்கா எடுத்து, 'இண்டைக்கு ஒரு ஸ்ட்ராஃபயும் இல்லை, நல்ல பிள்ளை' என்றார். அதற்கு அடுத்த கிழமையும் இல்லை. அப்பன் சொல்லுக் கேட்கிற பிள்ளை என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். அதற்குள் அவளை ஐஸுக்குள் விடுவதே குறைந்துவிட்டது என்பதை அக்கா சொல்லவில்லை. விளையாடினால் என்ன, விளையாடாவிட்டால் என்ன, அடிபடாமல் இருந்தால் போதும் என்பது அவருடைய நினைப்பு.

என் பிழையை அடுத்த வீட்டுத் தம்பிதான் கண்டுபிடித்தார். கணினி வேலை செய்கிறவர். அந்த ஞாயிறுதான் முதல்முறையாகத் தன் மடிக்கணினியிலிருந்து எங்கள் ரிவிக்கு வயர் கொடுத்து, மட்ச்சை நேரடியாகப் பார்க்கலாம் என்று காட்டியவர். ஊரில் கிரிக்கெட்டைத் தவிர ஒரு விளையாட்டும் பார்த்ததில்லையாம். 'உங்க பொண்ணு புண்ணியத்துல ஐஸ் ஹாக்கி ரூல்ஸ் மொத்தமும் படிச்சிட்டேன்ணே. ஆபீஸ்ல ஒருத்தனும் எங்கிட்ட பேச மாட்டேங்குறான்' என்பார்.

அந்த டிசம்பர் ஞாயிறுக்குத் திரும்பி வருகிறேன். இரண்டாவது ஆட்டப் பகுதி. மகள் வாங்கில். ஊதல் கேட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி தலையை ஆட்டிக்கொண்டு சறுக்கிப் போனாள். அறிவிப்பாளர் ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னார். அதற்குள் அந்தச் சொல் கேட்டது.

'ஐயோ, அந்தப் பிள்ளைக்கும் ஸ்ட்ராஃப' என்றேன். 'பாவம். எப்பிடிக் கட்டப்போகுதோ.'

தம்பி திரும்பினார். 'எதைண்ணே கட்டணும்?'

'தண்டக் காசை.'

'என்ன தண்டக் காசு?'

'ஸ்ட்ராஃப எண்டா காசுதானே தம்பி?'

அவர் என்னையும் ரிவியையும் மாறி மாறிப் பார்த்தார். 'அண்ணே, அது ரெண்டு நிமிஷம்ணே. அந்தப் பொட்டிக்குள்ள ரெண்டு நிமிஷம் உக்காரணும். பெனால்டி. அதுக்குத்தான் அவங்க ஊர்ல அந்தப் பேரு.'

'பெனல்ட்டி எனக்குத் தெரியும்.'

'அதேதான்ணே இது.'

நான் தொலைபேசியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன். 'அக்கா! பிள்ளைக்கு இருபத்திரண்டு எண்டனீங்கள். என்ன இருபத்திரண்டு?'

'நிமிசம்' என்றார் அக்கா. 'வேறை என்ன? பெட்டிக்குள்ளை இருத்தி வைச்ச நிமிசம். ஏன்டா?'

'அப்ப நான் அனுப்பின காசு?'

'அது பிள்ளையின்ரை செலவுக்கு எண்டெல்லே எழுதினனீ? குளிருக்கு ஜக்கெற் வாங்கினனான், சப்பாத்து வாங்கினனான். மிச்சத்துக்குக் கிழமைக்குக் கிழமை இறைச்சி, முட்டை, எண்ணெய். இந்த ரீம் முழுக்க உன்ரை காசிலைதான் மிதிவெடி தின்னுது.'

தம்பியின் மனைவி காப்பிப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவி சிரிக்கவில்லை.

'இஞ்சருங்கோ' என்றாள். 'எந்தக் காசு?'

சொன்னேன். அடுத்த வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் சீட்டு எடுத்தது, கழிவு போனது, ஆயிரத்து முன்னூற்று இருபது யூரோ அனுப்பியது, எல்லாம் சொன்னேன். பிள்ளைக்கு நான் குரலில் அனுப்பிய செய்தியையும் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் தம்பியின் முகத்தில் இருந்த சிரிப்புப் போனது.

'விலகி விடச் சொன்னீங்களா? அண்ணே, அவ டிஃபென்ஸ். மறிக்கிறதுதான் அவ வேலையே. விலகி விட்டா அவள எதுக்கு உள்ள விடுவாங்க?'

ரிவியில் எங்கள் பக்கத்துக் கோலுக்குள் ஒன்று போனது. மனைவி தொலைபேசியை என் கையில் வைத்தாள்.

'மட்ச் முடிய அவளுக்கு எடுங்கோ. நான் எடுக்க மாட்டன். நீங்கள்தான் எடுக்கவேணும்.'

முற்றத்தில் நிறுத்தியிருந்த காருக்குள் போய் இருந்துகொண்டு எடுத்தேன். இங்கே ஒன்பது மணி, வெயில் ஏறியிருந்தது. அங்கே அவள் அரங்கிலிருந்து நடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலடியில் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது.

'ஹாய் அப்பா. இண்டைக்கு நான் விளையாடேல்லை. பாத்தனீங்கள்தானே.'

'பிள்ளை, விலத்தி விடச் சொன்னது என்ரை பிழை. நான் ஸ்ட்ராஃப எண்டா காசு எண்டு நினைச்சிட்டன்.'

'வாட்?'

'தண்டம் கட்டவேணும் எண்டு நினைச்சு மாமிக்குக் காசு அனுப்பினனான். உன்னை அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயந்துதான் அப்பிடிச் சொன்னனான்.'

நொறுங்கும் சத்தம் நின்றது. 'ஹவ் மச், அப்பா?'

'அதை விடு.'

'அப்பா.'

சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

'நான் நினைச்சன் நீங்கள் ஏதோ கெட்ட கனவு கண்டிட்டீங்கள் எண்டு' என்றாள். 'நீங்கள் ஒருநாளும் அப்பாக்காக எண்டு எதுவும் கேட்டதில்லை. அதாலைதான் நான் ஒண்டும் கேக்காமல் செய்தனான்.'

கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கினேன்.

'கோச் என்னட்டைக் கேட்டவ அப்பா. ஒக்டோபரிலை இஞ்சை விளையாடின பிள்ளை எங்கை போனவள் எண்டு.'

'கோச்சுக்குச் சொல்லு, அவளின்ரை தேப்பன் ஒரு விசரன் எண்டு. இனி ஒருத்தருக்கும் விலத்தாதை.'

'அடிபட்டா?'

'பட்டா…' என்று தொடங்கினேன். 'பட்டாப் படட்டும். மெல்லமாப் படு.'

இப்போது அது சிரிப்புத்தான் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை அவள் போய்க் கோச்சிடம் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, கதை நல்லது, ஆனால் கதையைப் பார்த்து ஆளை வைத்திருக்க ஏலாது, சனிக்கிழமை ஐஸில் காட்டு என்றாளாம். கிறிஸ்மஸுக்கு முன் அதுதான் கடைசி மட்ச். ஒரே ஒரு சனிக்கிழமை. முட்டாதே என்று சொன்ன காலத்தில் பயந்ததைவிட, முட்டு என்று சொன்ன பிறகு கூடுதலாகப் பயந்தேன்.

அதே நான்கு பேர்தான் இருந்தோம். முதல் பகுதியில் அவளை விடவில்லை. இரண்டாவது பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தம்பி, 'வந்துட்டா, வந்துட்டா' என்று எழும்பிவிட்டார். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. ஆனால் இடது தோளைக் கொஞ்சம் இறக்கிவைத்துச் சறுக்கும் விதம் எனக்குத் தெரியும். வெளியில் வரும்போதும் அப்படித்தான் நடப்பாள். முதல்முறையாக அவள் விளையாடுவதைக் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் பனிக்குவியல் இல்லை, போய் நிற்க வேறு இடமும் இல்லை. பார்க்கத்தான் வேண்டியிருந்தது. அவள் விலத்தவில்லை. வருகிறவளை மூலைக்குக் கொண்டுபோய், பலகையோடு நெருக்கி, தடியால் அந்தக் கறுப்பு வட்டைக் கிளறி எடுத்து முன்னுக்கு அனுப்பினாள். திரும்பவும் திரும்பவும் அதையே செய்தாள். இவ்வளவு காலமும் நான் வெளியில் நின்று கேட்ட சத்தம் இதுதானா என்று நினைத்தேன். கேட்டபோது இருந்த பயங்கரம் பார்க்கும்போது இல்லை.

கடைசிப் பகுதியில் இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால். ஐந்தாறு நிமிடம்தான் இருந்தது. எதிர்ப்பக்கத்துப் பிள்ளை ஒருத்தி மகளைத் தாண்டி எங்கள் கோலை நோக்கி வந்தாள். முன்னால் எங்கள் பிள்ளை ஒருத்திதான், அவளும் ஓரத்தில்; மகள் பின்னால் துரத்திக்கொண்டு. எட்டாது என்று தெரிந்தது. மகள் தடியை நீட்டி அவளுடைய கையில் கொளுவி இழுத்தாள். இரண்டு பேரும் விழுந்து சுழன்று போனார்கள். ஊதல்.

'ஸ்ட்ராஃப!' என்று கத்தினேன். எழும்பி நின்றது எனக்கே தெரியாது.

மனைவி என் சேட்டைப் பிடித்து இழுத்தாள். 'இருங்கோ, இது நல்லதோ கெட்டதோ?'

'நல்ல கெட்டதுதான்க்கா' என்றார் தம்பி. 'கோல் போயிருக்கும். ரெண்டு நிமிஷத்தோட போச்சு.'

அப்போதுதான் கமெரா அவளுக்குக் கிட்டப் போனது. பெட்டிக்குள் தலைக்கவசத்தைத் தூக்கிவிட்டுத் தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து போயிருந்தது. அந்த இரண்டு நிமிடமும் மனைவி என் சேட்டை விடவில்லை. ஒரு ஆள் குறைவாக நின்று எங்கள் பிள்ளைகள் தாக்குப்பிடித்தார்கள். கதவு திறந்தது. அவள் வெளியே பாய்ந்தாள்.

வென்றார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வெல்லவில்லை. கடைசி நிமிடத்தில் ஒன்றை வாங்கி, மேலதிக நேரத்தில் தோற்றுப்போனார்கள். தம்பி வயரைக் கழற்றிச் சுருட்டினார். அவருடைய மனைவி, 'நல்லாதான் ஆடினா அண்ணா, நீங்க கவலைப்படாதீங்க' என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எதற்குக் கவலைப்படாமல் இருந்திருக்கிறேன்? தோற்றதற்கு யாரையாவது அனுப்ப வேண்டுமென்றால் யாரை அனுப்புவார்கள் என்று மூன்று நாள் யோசித்தேன்.

புதன்கிழமை கிடங்கில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது சட்டைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் எடுக்கக்கூடாது. எடுத்தேன். குரல் செய்தி, நாலு செக்கனும் இல்லை.

'ஸ்டேயிங், அப்பா. மார்ச் வரைக்கும்.'

சாமான் அடுக்கும் மரத்தட்டு ஒன்றில் இருந்துவிட்டேன். மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து, சுகமில்லையா என்று கேட்டார். சுகம் என்றேன். மகள் ஜேர்மனியில் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறாள், அவளை வைத்திருக்கப்போகிறார்கள் என்றேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது. ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வா என்றார்.

இதை எழுதுவது பெப்ரவரி கடைசியில். கழகம் முதல் நாலு இடத்துக்குள் வந்துவிட்டது. வருகிற சனி அரையிறுதி. மகளுக்கு இப்போது பெட்டிக் கணக்கு ஐம்பத்தெட்டு நிமிடம். அடுத்த சீசனுக்கும் வருவாயா என்று கேட்டிருக்கிறார்களாம். 'ஒரே ஒரு சீசன் எண்டனான், நினைவிருக்குத்தான் அப்பா, பட்…' என்று இழுக்கிறாள். நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சீசன் இல்லாத மாதங்களில் மட்டும் வந்து, படிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாமா என்று மனைவி பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக் கேட்டிருக்கிறாள். செய்யலாமாம். அக்கா ஒவ்வொரு சனியும் நிமிடக் கணக்கைச் சொல்லிவிட்டு, 'என்னடா, இந்த முறை காசு அனுப்பேல்லையோ, பிள்ளைகள் மிதிவெடிக்கு அந்தரப்படுதுகள்' என்று கேட்கிறார்.

சீட்டுக் கொப்பி இப்போது மனைவியின் கைப்பைக்குள் இருக்கிறது. மாதம் பிறந்ததும் அன்ரியிடம் அவளே கொண்டுபோய்க் கட்டிவிட்டு, வந்து எனக்குச் சொல்கிறாள். மார்ச், ஏப்ரல், மே. ஒருவரும் கேட்காத அந்தத் தண்டத்துக்கு இன்னும் தொள்ளாயிரம் டொலர் பாக்கி.